கம்பன் காட்டும் இரு மந்திர அவைகள்

திருக்கோணமலையிற் பிறந்தோர்க்கு இராவணன் ஏட்டில் மட்டும் வாழும் ஒருவன் அல்லன். கோணேசப் பெருமான் கோயில் கொண்டருளும் சுவாமிமலையிலே பாறை பிளந்து கடலை நோக்கி இறங்கும் இடத்தை ‘இராவணன் வெட்டு’ என்றே நம் முன்னோர் வழங்கினர். நகருக்கு மேற்கே உள்ள கன்னியாயின் ஏழு வெந்நீர்க் கிணறுகளையும், தாயின் ஈமக்கடன் ஆற்றும்பொருட்டு அவன் தோற்றுவித்தவை என்று மரபு கூறும். ஆகவே நம்மூர்ப் பிள்ளை முதன்முதல் அறியும் இராவணன் சிவபத்தன். தாயின்பால் அன்பு மிக்க மகன். அப்பிள்ளை வளர்ந்து கம்பராமாயணத்தைக் கற்கப் புகும்போது அதன் உள்ளத்தில் ஒரு வினா எழாதிருத்தல் இயலாது. மறை பயின்றவன், இசை வல்லவன், இறைவனை இசையால் மகிழ்வித்து வாள் பெற்றவன், தன் தம்பியர் கூறிய நல்லுரையை ஏன் கேளாது அழிந்தான்?

‘காமம் கண்ணை மறைத்தது’ என்பர் ஒரு சாரார். ‘விதி வலிது’ என்பர் மற்றொரு சாரார். இரண்டும் உண்மையே. ஆயினும் இவ்விரு விடைகளோடு கவிச்சக்கரவர்த்தி அமைந்து விடவில்லை. யுத்த காண்டத்தின் தொடக்கத்திலே, அடுத்தடுத்து, இரண்டு மந்திர அவைகளை அவர் நம் கண்முன் நிறுத்துகின்றார். ஒன்று இலங்கையில் இராவணன் கூட்டியது. மற்றொன்று கடற்கரையில் இராமன் கூட்டியது. இரண்டிலும் பெரும்பான்மையோர் ஒரு கருத்தினர். ஒருவன் மட்டும் அதனை மறுக்கின்றான். ஓரவையில் மறுத்தவன் துரத்தப்படுகின்றான். மற்றதில் மறுத்தவன் சொல்லே தீர்ப்பாகின்றது. இவ்வேறுபாடு எதனால் நேர்ந்தது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். விரும்பாத உண்மையை எடுத்துரைக்கும் கடன் நம்மில் ஒவ்வொருவர்க்கும் ஒருநாள் வாய்க்குமாதலின், இது புலவர்க்கு மட்டும் உரிய ஆராய்ச்சி அன்று.

இலங்கை அவை

அனுமன் இட்ட தீயால் வெந்த நகரம் மயனால் மீண்டும் புதுக்கப்படுகின்றது. அதன் அழகைக் கண்டு உவந்த இராவணன் மந்திர அவையைக் கூட்டுகின்றான். முனிவரையும் தேவரையும் விலக்குகின்றான். மகளிரையும் இளைஞரையும் போக்குகின்றான். வண்டும் காற்றும்கூட உட்புகாதவாறு காவல் இடுகின்றான். அறிவிலும் ஆண்டிலும் முதிர்ந்தோரை மட்டும் உடன் வைத்துக் கொள்கின்றான். மறை காக்கும் அரசியல் நெறி முழுவதும் இங்கே குறைவின்றி அமைந்திருக்கின்றது. ஆனால் காற்றும் புகாத அவைக்குள்ளே முகத்துதி முன்னரே புகுந்து அமர்ந்திருந்தது. அதனை வெளியேற்றும் காவலன் அங்கே இல்லை.

முதலிற் பேசுவோன் சேனைக் காவலன். பெண்ணை வஞ்சனையாற் கவர்தல் வீரர்க்கு இயைந்த செயலன்று எனத் தான் முன்னரே உரைத்ததை அவன் நினைவூட்டுகின்றான். இஃது உண்மையுரையே. ஆனால் அவன் அவ்வுண்மையிலிருந்து கொள்ளும் முடிபு யாது? சீதையை விடுக என்பதன்று. உடனே சென்று பகைவரைக் கொல்க என்பதாகும். அவனைத் தொடர்ந்து மகோதரன், வச்சிரதந்தன், துன்முகன் முதலாயினோர் ஒருவர்பின் ஒருவராய் எழுகின்றனர். மனிதரும் குரங்குகளும் அரக்கர்க்கு இரையாவோர். இரையைக் கண்டு அஞ்சுவதா என்று நகைக்கின்றனர். ஒரே ஒரு வானரம் நகரை எரித்துச் சென்ற செய்தியை ஆராயவே அந்த அவை கூடியது. அத்தகைய வானரர் எத்துணையர் வருவர், அவர் ஆற்றல் யாது, கடலை எவ்வாறு கடப்பர் என்று வினவியவர் அவர்களுள் ஒருவரும் இலர். அறியாமையினும் கொடியது, அறியாததை அறிந்ததாக எண்ணும் செருக்கு. வள்ளுவர் புல்லறிவாண்மை என்று ஒரு தனி அதிகாரம் வகுத்தது இத்தகையோரைக் கருதியே என்னலாம். தாம் கல்லாதவற்றையும் கற்றாராய்க் காட்டுவோர்க்கு, அவர் பிழையறக் கற்றவையும் ஐயத்திற்கு இடமாகும் என்பது அவ்வதிகாரத்துள் அவர் கருத்து.

அடுத்து எழுபவன் கும்பகருணன். அண்ணனை இத்துணைக் கடுமையாக அவ்வவையில் இடித்துரைத்தார் பிறர் இலர். மானத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே உள்ளத்தில் காமத்தைப் போற்றுகின்றாய் என்று நேருக்கு நேராகக் கூறுகின்றான். பிறன் மனைவியைச் சிறைவைத்த அன்றே அரக்கர் புகழ் அழிந்தது என்கின்றான். கேட்போர் நெஞ்சு நடுங்கும் இடம் இது. ஆயினும் இராவணன் சினக்கவில்லை. நன்று சொன்னாய் என்று மகிழ்கின்றான். ஏன்? கும்பகருணன் தன் உரையின் இறுதியில், இப்பொழுது சீதையை விடுத்தால் உலகம் நம்மை எளியர் என்னும். ஆதலின் பகைவர் திரளுமுன் நாமே சென்று பொருவோம் என்று முடிக்கின்றான். இராவணன் இடித்துரையை விலக்கிவிட்டு முடிபை மட்டும் எடுத்துக்கொள்கின்றான். கசப்பு மருந்தைக் கூறிவிட்டு, அதனை உண்ண வேண்டா என்று தானே விடுதலை அளித்த மருத்துவனைப் போன்றவன் கும்பகருணன். உண்மையைச் சொல்லுதல் வேறு. உண்மை வேண்டும் செயலைச் சொல்லுதல் வேறு. பின்னர்ப் போர்க்களம் புகுமுன், யான் தோற்றால் நீயும் தோற்றாய் என்று கொண்டு சீதையை அனுப்பிவிடு என அவன் தெளிவாகக் கூறுகின்றான். ஆனால் அச்சொல் காலங்கடந்த சொல்லாயிற்று.

வீடணன் வென்றதும் தோற்றதும்

வீடணனை எப்போதும் தோற்றவனாகவே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். உண்மையில் ஒருமுறை அவன் வென்றிருக்கின்றான். சுந்தர காண்டத்தில், பிணிப்புண்ட அனுமனைக் கொல்லுமாறு இராவணன் ஆணையிட்டபோது வீடணன் இடைமறித்தான். தூதனைக் கொல்வதால் நம் குலத்திற்கு இழிவு வரும், தேவர் நகைப்பர், நம் தங்கையைப் பகைவர் உறுப்பறுத்தும், செய்தி சொல்லுமாறு உயிரோடு விடுத்தனரே, நாம் அவரினும் தாழ்வதா என்றான். இராவணன் உடனே இசைந்தான். அங்கே வீடணன் அறநூலை மட்டும் காட்டவில்லை. இராவணன் உயிரினும் மேலாகக் கருதிய ஒன்றை, அவன் வீரப் புகழை, முன்னிறுத்தினான். கேட்பவன் உள்ளத்தில் ஏற்கனவே உள்ள ஒரு நன்மையைப் பற்றுக்கோடாகக் கொண்டு பேசினமையால் அச்சொல் ஏறிற்று.

மந்திர அவையிலோ நிலைமை வேறு. போருக்கு யானே செல்வேன் என்று எழுந்த இந்திரசித்தை நோக்கி, பின் விளைவதை உணரும் கல்வியில்லாத சிறுவன் நீ, இவ்வவையிற் பேசத் தகுவாயோ என்று வீடணன் முதலில் கடிகின்றான். அதன்பின் அண்ணனை நோக்கி, எனக்குத் தந்தையும் தாயும் தெய்வமும் நீயே என்று உருகித் தொடங்குகின்றான். நகரைச் சுட்டது வானரம் அன்று, சானகியின் கற்பே என்று காட்டுகின்றான். வாலியிடமும் கார்த்தவீரியனிடமும் பெற்ற தோல்விகளையும், முன்னோர் இட்ட சாபங்களையும், மனிதரை விலக்கிப் பெற்ற வரத்தையும் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கின்றான். இவற்றுள் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் ஓர் அரசன் தன் வீரரிடையே கேட்க விரும்பாத தோல்விகள் அனைத்தும் அங்கே நிரலாக அடுக்கப்பட்டன. முன்பு அவன் புகழைத் துணைக்கொண்ட வீடணன் இப்போது அதனையே தாக்க நேர்ந்தது. இராவணன் நகைத்தான், பின் சினந்தான்.

அதற்குப் பின்னரே இரணியன் கதை வருகின்றது. இக்கதையை இவ்விடத்தில் அமைத்தது கம்பரின் சொந்தப் படைப்பு. வால்மீகி முனிவர் நூலில் வீடணன் உரையாக இஃது இல்லை. நூற்றைம்பதுக்கு மேற்பட்ட பாடல்களில் விரியும் இப்படலத்தைத் தனிநூலாகவே போற்றுவார் பலர். அதன் கவியழகில் ஈடுபடும் நாம், அதனைக் கேட்டவன் என்ன கேட்டான் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. இறைவனைப் பகைத்த இரணியன் அழிந்தான் என்பது வீடணன் கருதிய பொருள். தந்தையின் மார்பு பிளக்கப்பட்டபோது மகிழ்ந்து நின்ற மகனைப் போன்றவன் நீ என்பது இராவணன் கொண்ட பொருள். முன்பு தூதனைக் காத்ததும் பகைவரோடு நட்புக் கொள்ளவே என்று இப்போது அவனுக்குத் தோன்றுகின்றது. நல்லறிவின் பேறாகத் தான் ஒருமுறை ஏற்ற அறிவுரையே துரோகத்தின் சான்றாக மாறிவிடுகின்றது. காணாதவனுக்குக் காட்ட முயல்பவன் தானே காணாதவன் ஆவான். காணாதவனோ தான் கண்டதே காட்சி என்றிருப்பான் எனப் புல்லறிவாண்மையில் வள்ளுவர் கூறும் கருத்திற்கு இதனினும் பொருத்தமான விளக்கம் தமிழில் உண்டோ என்பது ஐயமே. கதை எத்துணைச் சிறந்ததாயினும், கேட்பவன் தன்னை அதில் எப்பாத்திரமாகக் காண்பான் என்பதைக் கூறுபவன் எண்ணாவிடின் அது பகையாய் முடியும்.

இந்திரசித்தைக் கடிந்ததன் விளைவையும் நாம் மறத்தல் ஆகாது. செருக்கு மிக்க அவ்விளைஞன் இராமலக்குவர் ஆற்றலைக் களத்தில் நேரிற் கண்டபின், தன் இறுதிப் போருக்கு முன்னர்த் தந்தையிடம் வந்து, அஞ்சிக் கூறுகின்றேன் என்று எண்ணாதே, சீதைமேல் வைத்த ஆசையை விட்டுவிடு என்கின்றான். சிற்றப்பன் சொன்ன அதே முடிபு! செருக்குற்றவன் எல்லாம் என்றும் திருந்தாதவன் அல்லன். கண்ணாற் கண்டபின் அறியும் தன்மை இந்திரசித்தினிடம் இருந்தது. அவைநடுவே சிறுவன் என்று இகழப்படாது, ஆராய்ந்து வருக என்று ஒரு பணி அவனுக்கு அளிக்கப்பட்டிருப்பின், மந்திர அவையிலேயே வீடணனுக்கு ஒரு துணை தோன்றியிருக்கக் கூடும். இது நம் ஊகமே. ஆயினும் அவ்வூகத்திற்கு இடந்தரும் நிகழ்ச்சியைக் கம்பரே படைத்து வைத்துள்ளார்.

நம் துறைமுகம் கண்ட ஒரு காட்சி

உடன் பணிபுரிவோரை இகழ்வதால் உண்மை எத்துணைத் தொலைவு பின்னடையும் என்பதற்குக் காப்பியத்தை விட்டு நம் துறைமுகத்தையே நோக்கலாம். 1782ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுஃப்ரென் திருக்கோணமலைக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றினார். அதனை அறியாது துணைக்கு வந்த எட்வேட் ஹியூஸ் என்னும் ஆங்கிலக் கடற்படைத் தலைவரோடு செப்டெம்பர் 3ஆந் திகதி துறைமுகத்துக்கு அப்பால் பெரும்போர் நிகழ்ந்தது. சுஃப்ரென் வசம் 14 பெரும் போர்க்கப்பல்கள். ஹியூஸ் வசம் 12. சுஃப்ரெனின் போர்த்திறனில் எவர்க்கும் ஐயமில்லை. அவர் கீழிருந்த கப்பல் தலைவர் பலர் திறமை குன்றியவர் என்பதும் மெய்யே. ஆனால் தம் கருத்தை அவர்களுக்கு விளங்கவைக்க அவர் பெரிதும் முயலவில்லை. அவர்களை இகழ்ந்து கடிதம் எழுதினார். அன்றைய போரில், நெருங்கிச் சென்று தாக்குக என்னும் தம் கொடிக் குறிப்பை வலியுறுத்த அவர் சுடுவித்த பீரங்கி வெடியை, போர் தொடங்குக என்னும் கட்டளையாகக் கொண்டு ஏனைய கப்பல்கள் தொலைவிலிருந்தே சுடத் தொடங்கின. அணி சிதறிற்று. முன்சென்ற அவர் கப்பலின் நடுப்பாய்மரம் முறிந்து வீழ்ந்தது. போர் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அதன்பின் கப்பல் தலைவர் நால்வர் படையை விட்டு நீங்கினர்.

தலைவர் கருத்துச் சரியானது. துணைவர் குறையும் உண்மையானது. ஆயினும் குறையுடைய துணைவரைக்கொண்டே காரியம் முடிக்க வேண்டியவர், அவர்க்கு விளங்கும் மொழியில் பேசாவிடின், சரியான கருத்தும் பீரங்கி வெடியாகவே கேட்கும்.

கடற்கரை அவை

இனி இராமன் கூட்டிய அவையைக் காண்போம். அடைக்கலம் வேண்டி வந்த வீடணனை ஏற்பதா மறுப்பதா என்பது வினா. இராமன் தன் கருத்தை முதலில் வெளியிடவில்லை. சுக்கிரீவனைக் கேட்கின்றான், சாம்பவனைக் கேட்கின்றான், நீலன் முதலியோரைக் கேட்கின்றான். யாவரும் ஒருமுகமாக மறுக்கின்றனர். போர் நெருங்கிய காலத்தில் உடன்பிறந்தானைத் துறந்து வந்தவனை நம்பலாகாது. அவன் பகைக்குலத்தவன் என்பன அவர்கள் கூறும் காரணங்கள். இவர்கள் இலங்கை அவையின் வாய்வீரர் அல்லர், அறிவுடையோர், ஆயினும் இவ்விடயத்தில் தவறினர். அறிவுடையோரும் உறுதியோடு தவறுதல் உண்டு என்பதைக் கம்பர் மறைக்கவில்லை.

அதன்பின் இராமன் அனுமனை நோக்கி, உன் கருத்து யாது என்கின்றான். அனுமன் தொடங்கும் முறையே நம் சிந்தனைக்கு உரியது. முன் பேசியோரின் அறிவை அவன் முதலிற் போற்றுகின்றான். அது வெறும் உபசாரமன்று; நாளை அவர்களோடு கூடியே அவன் கடல் கடக்க வேண்டும். பின்பு, தன் எண்ணம் வேறு என்பதை ஒளியாது கூறுகின்றான். அதற்கு அவன் காட்டும் சான்று நூற்சான்றன்று. தான் நேரிற் கண்டவை. இலங்கையில் வீடணன் மனையில் கள்ளும் ஊனும் இல்லாமையைக் கண்டேன். என்னைக் கொல்லப் புகுந்தபோது தடுத்தவன் அவன். அவன் மகள் திரிசடை சீதைக்கு ஆறுதல் உரைத்தவள் என்கின்றான். சொன்மாரி பொழியவில்லை, கதை விரிக்கவில்லை. ஏனையோர் அறிய வாய்ப்பில்லாதவற்றைத் தான் அறிந்த அளவில் அவர்முன் வைக்கின்றான். ஆகவே சுக்கிரீவன் முதலானோர் தோற்றவராகவில்லை; முன்னர் அறியாததை இப்போது அறிந்தவராயினர். இராமனும் அனுமன் உரையை ஏற்கின்றான். மறுத்தோர் எவரையும் குறைகூறவில்லை.

ஈண்டு ஒரு தடை எழுதல் கூடும். வீடணனும் அனுமனைப் போல் நயமாகப் பேசியிருப்பின் இராவணன் கேட்டிருப்பானோ? கேட்டிருப்பான் என்று கூற நாம் துணியோம். முதற்போரில் படைக்கலம் இழந்து நாணி மீண்ட இராவணனிடம் முதியவனாகிய மாலியவான் நல்லுரை கூறினான். அப்போதும் மகோதரன் குறுக்கிட்டு, தோல்வி பெரியோர்க்கும் உண்டு, கும்பகருணனை எழுப்புக என்று ஊக்கினான். பாட்டன் சொல் வீழ்ந்தது. மகோதரன் சொல் நின்றது. சொல்லும் முறைக்கு ஓர் எல்லை உண்டு. பொருள் கேட்பவனின் புண்ணைத் தொடாத வரையில் நயம் பயன்படும். புண்ணைத் தொட்டபின், முன்னமே மாற்றுரை கேட்டுப் பழகிய செவி ஒன்றே பயன்படும். இராமன் அவை அத்தகைய செவி உடையது. அவன் வினவிய பின்னரே அனுமன் பேசினான். இராவணன் அவையிலோ நல்லுரை எப்போதும் அழையா விருந்தாகவே வந்தது. இடித்துரைக்கும் துணையில்லாத அரசன், கெடுப்பார் இல்லாமலே கெடுவான் எனப் பெரியாரைத் துணைக்கோடலில் வள்ளுவர் கூறினார். கம்பரோ அதற்கு மேலும் ஒரு படி சென்று, இடித்துரைப்போர் மூவர் நால்வர் இருந்தும், கேளாச் செவியால் கெட்டவனைக் காட்டினார்.

அவ்வாறாயின் கேளாதவன் முன் பேசுதல் வீண்முயற்சியோ? அன்று. அரசன் தானும் அறியாது, அறிந்தார் சொல்லையும் அழிப்பவனாயினும், உறுதி கூறுதல் அமைச்சன் கடன் என்பது குறள் நெறி. வீடணன் இறுதியாக, என்னால் இயன்றவெல்லாம் கூறினேன், நீ உணரவில்லை, என் பிழையைப் பொறுத்தருள்க என்று கூறி நீங்குகின்றான். அவனுடன் சென்றோர் அமைச்சர் நால்வர் மட்டுமே. அவன் உரையின் குறைகளை மேலே சுட்டினோம். கடனாற்றியதில் அவனிடம் குறையில்லை.

இக்கல்லூரியிலிருந்து வெளியேறும் மாணாக்கருட் பலர் அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் துறைமுகத்திலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் கோயிற் பரிபாலன சபைகளிலும் இடம்பெறுவர். மகோதரர் அங்கும் இருப்பர். கணக்கைப் பாராமலே கணக்குச் சரியென்போரும், பாலத்தைக் காணாமலே பாலம் தாங்குமென்போரும் எக்காலத்தும் உளர். அவர்முன் எழுந்து நிற்க நேரும்போது, கண்டதைக் கண்டவாறு கூறுக. முடிபை இனிப்பாக்கிக் கசப்பை இழக்கற்க. உடனிருப்போரை அவைநடுவே சிறுமைப்படுத்தற்க, இன்றைய இந்திரசித்து நாளை உம் பக்கம் வரலாம். இவை அனுமனிடமும் வீடணனிடமும் கும்பகருணனிடமும் நாம் கற்பன. தலைமை ஏற்பவர்க்கோ வேறொரு பாடம் உண்டு. ஆசிரியராகிய எமக்கும் அது உரியது. வகுப்பறையும் ஓர் அவையே. நம் கருத்தை முதலில் மொழிந்துவிட்டுப் பிறர் கருத்தை வினவுவோமாயின், நமக்குத் திரும்பக் கிடைப்பது நம் குரலின் எதிரொலியே.

சுவாமிமலைக்குச் செல்லும் அன்பர் இராவணன் வெட்டின் விளிம்பில் நின்று கீழே கடலை நோக்குவர். மலையையும் பிளந்த ஆற்றல் உடையவன் என்று அவனைப் போற்றிய நம் ஊர், தம்பியர் சொல்லும் பாட்டன் சொல்லும் மகன் சொல்லும் புகாத அவன் செவியையும் அவ்விடத்திலேயே நினைத்துக்கொள்ளுதல் நன்று.